ஆச்சியின் நடுங்கிய கை

போன சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு மகள் பெங்களூரிலிருந்து அழைத்தாள். சாப்பிட்டீர்களா, அங்கே மழை உண்டா என்றெல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தாள்.

"அம்மா, நாளைக்கு முதல் ஞாயிறு. நான் நற்கருணை எடுக்கலாமா?"

நற்கருணை என்பது இயேசுவின் மரணத்தை நினைத்துச் சபையாக அப்பமும் திராட்சரசமும் வாங்குவது. ஒரே அறையில் தங்கியிருக்கும் பெண்ணோடு அவளுக்கு இரண்டு வாரமாகப் பேச்சு வார்த்தை இல்லையாம். வாடகைப் பணத்தில் தொடங்கிய பேச்சு தடித்துப்போய், அந்தப் பெண்ணின் அப்பாவைப் பற்றிச் சொல்லக்கூடாத ஒன்றை இவள் சொல்லிவிட்டாள். "இப்படி இருக்கும்போது எடுத்தால் ஆக்கினைத்தீர்ப்பு வரும் அல்லவா? பேசாமல் உட்கார்ந்துவிடட்டுமா?" என்றாள். அடுத்த மூச்சிலேயே, "இல்லை, கிருபைதான் இருக்கிறதே, ஒரு ஜெபம் பண்ணிவிட்டு எடுத்துவிடலாமா?" என்றும் கேட்டாள்.

முதல் கேள்வி எங்கள் ஆச்சி பதினொரு வருஷம் கட்டிச் சுமந்த கேள்வி. இரண்டாவது, நான் ஒரு காலத்தில் பதிலாகவே வைத்துக்கொண்டிருந்தது. அவளிடம் போனில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கம், தேரிக்காட்டு ஓரம். செம்மணலும் பனையும்தான். அந்தப் பனைகளுக்கு மேலே மெஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயத்தின் 192 அடிக் கோபுரம் ஒல்லியாகத் தெரியும். எங்கள் ஊர்க் கோயில் சின்னது, ஓட்டுக்கூரை. மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை. சனிக்கிழமை சாயங்காலமே ஆயத்த ஆராதனைக்குக் கோயில்பிள்ளை மணியடித்துவிடுவார். அந்த மணி அடித்த பிறகு வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் பேசக்கூடாது. அடுத்த வீட்டோடு கொடுக்கல் வாங்கல் பாக்கி இருந்தால் அப்பா இருட்டுவதற்குள் போய்த் தீர்த்துவிட்டு வருவார். "கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்" என்ற வசனம் எங்கள் வீட்டு நிலைக்கு மேல் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியபோது நான் முதலில் படித்த வாக்கியமே அதுதான் என்று அம்மா சொல்வாள்.

ஆச்சி, அப்பாவின் அம்மா, ஞாயிறு காலை பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் கோயிலுக்கு வருவாள். பாவ அறிக்கையை முழங்காலில் நின்று எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்வாள். ஆனால் மற்றவர்கள் எழுந்து பீடத்தண்டை போகும்போது அவள் மட்டும் பாயிலேயே உட்கார்ந்திருப்பாள். முழங்கால் வலி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

காரணம் ஒரு ஜோடிப் பாம்படம், காதில் தொங்கவிடும் கனமான நகை. அவளுடைய அம்மா சாகும்போது, தங்கைக்குக் கொடுக்கச் சொல்லி ஆச்சியிடம் ஒப்படைத்தது. ஆச்சி அதை ஓலைப்பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டு, "அம்மா அதை எப்போதோ விற்றுவிட்டாள்" என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் சொல்லிவிட்டாள். பிறகு மழை பொய்த்த ஒரு வருஷத்தில் அதை விற்றுத்தான் வீடு சாப்பிட்டது. அந்தத் தங்கைக்கு, எங்கள் சின்ன ஆச்சிக்கு, எல்லாம் தெரியும். வாக்கப்பட்டுப் போன நாசரேத்திலிருந்து அவள் எங்கள் ஊர்ப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள்.

அபாத்திரமாய், அதாவது தகாத விதமாய், போஜனபானம் பண்ணுகிறவன் தனக்கு ஆக்கினைத்தீர்ப்பு, அதாவது தண்டனை, வரும்படி பண்ணுகிறான் என்றும், அதனால்தான் உங்களில் அநேகர் பலவீனரும் வியாதியுள்ளவர்களுமாயிருக்கிறார்கள் என்றும் பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார் அல்லவா? ஆச்சிக்கு அது மனப்பாடம். ஊரில் யாரோ நற்கருணை எடுத்த வாரத்திலேயே செத்துப்போனதையும் அந்த வசனத்தோடு முடிச்சுப்போட்டு வைத்திருந்தாள். உட்கார்ந்திருப்பதே தனக்குப் பத்திரம் என்று முடிவு செய்துவிட்டாள்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, எங்கள் ஊரும் சுற்றுவட்டச் சபைகளும் சேர்ந்த சேகரத்துக்கு வயதான ஐயர் ஒருவர் மாறுதலாகி வந்தார். எங்கள் பக்கம் சபைப் போதகரை ஐயர் என்போம். ஒரு நாள் சைக்கிளை எங்கள் வேப்பமரத்தில் சாய்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். ஆச்சி எல்லாவற்றையும் சொன்னாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆச்சி பயந்த வசனத்துக்கு முந்தின வசனத்தை விரல் வைத்து மெதுவாக வாசித்தார். "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்."

"சோதித்தறிந்து, பாயிலேயே உட்காரக்கடவன் என்றா எழுதியிருக்கிறது, அம்மா?" என்று கேட்டார். ஆச்சி பேசவில்லை. "பதினொரு வருஷமாகச் சோதித்துக்கொண்டே இருக்கிறீர்கள். வசனத்தில் பாதியோடு நின்றுவிட்டீர்கள்."

பிறகு, நாளைக்கே நாசரேத் போவோம், நானும் வருகிறேன் என்றார். ஆச்சி இரண்டு ஆடுகளை விற்றாள். பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள். அப்பாவும் கூடப் போயிருந்தார். அங்கே நடந்ததை அவர்தான் அம்மாவிடம் சொன்னார். சின்ன ஆச்சி முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எண்ணிப் பார்த்தாளாம். "பாம்படத்தின் விலைக்கு இது காணாது" என்றாளாம். ஆச்சி, "என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது" என்றாளாம். அதற்குப் பிறகுதான் இருவரும் அழுதார்களாம். "பாக்கியை நான் விட்டுவிட்டேன்" என்று சின்ன ஆச்சி சொன்னதை அப்பா திரும்பத் திரும்பச் சொல்வார்.

அடுத்த முதல் ஞாயிறு ஆச்சி எழுந்து போனாள். நான் பெண்கள் பக்கம் முன்வரிசையில் இருந்ததால் நன்றாகப் பார்த்தேன். முழங்காலில் நின்று, வலது உள்ளங்கையை இடது கைமேல் வைத்து நீட்டினாள். கை நடுங்கியது. சாதாரண நடுக்கம் அல்ல, வளையல் சத்தம் கேட்கும் நடுக்கம். பாம்படம் போட்டு வளர்த்து, இப்போது வெறுமையாகத் தொங்கும் அவளுடைய நீண்ட காதுகளும் சேர்ந்து ஆடின. ஐயர் அப்பத்தை வைத்துவிட்டு, அவள் கையைத் தன் கையால் தாங்கிக்கொண்டு, அவள் வாயருகே கொண்டுபோகும் வரை காத்திருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கேட்டேன். "ஆச்சி, எல்லாம் சரியாகிவிட்டதே, பிறகு ஏன் பயந்தீர்கள்?" ஆச்சி கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தாள். மணல் சுட்டது. "தெரியவில்லை பிள்ளை. இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தபோது இப்படி ஒரு நாளும் நடுங்கவில்லை" என்றாள்.

அதை அப்போது நான் மறந்துவிட்டேன். எனக்கு வேறு பயம் இருந்தது. ஊருக்கு வந்த ஒரு கூட்டத்தில், இயேசுவின் இரகசிய வருகையில் பரிசுத்தவான்கள் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் கைவிடப்படுவார்கள் என்று ஒருவர் உரக்கப் பிரசங்கித்தார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் யாரும் இல்லையென்றால் எனக்கு மூச்சு அடைத்துவிடும். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். அம்மா இருக்க மாட்டாள். எல்லாரும் போய்விட்டார்கள், நான் பென்சில் திருடியதால் என்னை விட்டுவிட்டார்கள் என்று நினைத்துக் கிணற்றடிக்கு ஓடுவேன். அம்மா அங்கே துணி அலசிக்கொண்டிருப்பாள். குழந்தைகளை வருகையைச் சொல்லி மிரட்டுகிறவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. நான் கற்றுக்கொண்ட பயம் கர்த்தரைப் பற்றியது அல்ல. கைவிடப்படுவதைப் பற்றிய பயம். ஒரு பென்சிலுக்காகப் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற ஒருவரைத்தான் அந்தப் பயம் எனக்குக் காட்டியது.

படிப்பு முடித்துச் சென்னைக்கு வேலைக்குப் போனபோது, விடுதித் தோழி ஒருத்தி ஒரு ஜெபக் குழுவுக்கு அழைத்துப்போனாள். அங்கே அடிக்கடி சொல்லப்பட்ட வசனம் "அன்பிலே பயமில்லை, பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்பது. அன்று நான் அழுத அழுகையை மறக்க மாட்டேன். நெஞ்சில் இருந்த ஒரு கல்லைத் தூக்கி எறிந்ததுபோல இருந்தது. அந்தக் குழுவுக்கு நான் நன்றியுள்ளவள். அவர்கள் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் பயத்தைத் தள்ளியபோது நான் வேறொன்றையும் சேர்த்துத் தள்ளிவிட்டேன். அது தெரிய இரண்டு வருஷம் ஆயிற்று.

1995. நான் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஒரு நாள் மாலை ரொக்க இருப்பில் 4,200 ரூபாய் குறைந்தது. வங்கிக்குப் பணம் கொண்டுபோகும் உதவியாள் பெண்மேல் சந்தேகம் விழுந்தது. பத்தொன்பது வயது, வியாசர்பாடியிலிருந்து வருவாள், என்னை அக்கா என்பாள். மறுநாளிலிருந்து அவள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒன்பது நாள் கழித்துப் பேரேட்டின் அட்டைக்கும் உறைக்கும் நடுவே ஒரு ரோஸ் நிறச் செலவுச் சீட்டு செருகிக் கிடந்ததைப் பார்த்தேன். 4,200 ரூபாய். நான் கொடுத்தது. நான் எழுதாமல் விட்டது.

சீட்டை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இரவு கட்டிலில் உட்கார்ந்து ஜெபித்தேன். ஆண்டவரே, என்னைக் கழுவும் என்றேன். கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரோமர் எட்டாம் அதிகாரத்தின் அந்த முதல் வசனத்தில், நம்முடைய வேதாகமத்தில், "மாம்சத்தின்படி நடவாமல் ஆவியின்படியே நடக்கிறவர்களுக்கு" என்று நடுவில் ஒரு தொடர் இருக்கிறது. அதைத் தாண்டிக் குதித்துவிட்டேன். பிறகு படுத்து, நன்றாகத் தூங்கினேன். இன்று அந்தச் செயலைவிட அந்தத் தூக்கத்தை நினைத்தால்தான் எனக்கு உடம்பு சில்லிடுகிறது.

ஆறு வாரம் கழிந்தது. ஒரு நற்கருணை ஞாயிறு. காணிக்கைப் பை வந்தபோது கைப்பைக்குள் பணத்தைத் துழாவினேன். பத்து ரூபாய் நோட்டோடு அந்த ரோஸ் சீட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. காணிக்கையைப் பலிபீடத்தண்டை கொண்டுவரும்போது, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்று ஆண்டவர் சொன்னது எனக்குத் தெரியாத வசனம் அல்ல. ஆனால் அன்றுவரை அது வேறு யாருக்கோ சொன்னதாக இருந்தது. முன்னால் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. ஆச்சியின் வளையல் சத்தம் காதில் கேட்டது. எனக்குப் பயம் வந்தது. பல வருஷங்களுக்குப் பிறகு.

இந்தப் பயம் பழைய பயம் போல இல்லை. பழைய பயம், ஓடு, ஒளிந்துகொள் என்று சொல்லும். இது எழுந்து போ என்று சொன்னது. அன்று நான் நற்கருணை எடுக்கவில்லை. பாயில் உட்கார்ந்திருக்கவும் இல்லை. பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்து பஸ் பிடித்தேன்.

வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அவளுடைய அம்மா வாசலில் அடுப்பை வைத்து இட்லி அவித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்ததும் கையில் இருந்த துணியை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். நான் சீட்டைக் காட்டிச் சொன்னேன். நின்றபடியே சொன்னேன், யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவள் சீட்டை வாங்கிப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள்.

"இந்தத் தெருவில் எல்லாரும் என்னைத் திருடி என்கிறார்கள், அக்கா" என்றாள். பிறகு, "எப்போது கிடைத்தது இது?" என்று கேட்டாள். அதற்கு உண்மையான பதிலைச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. அவள் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. அவளுடைய அம்மா மட்டும் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மறுநாள் மேலாளரிடம் எழுதிக் கொடுத்தேன். அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள், அவள் வரவில்லை. அவள் இழந்த சம்பளத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு அந்த வருஷம் சம்பள உயர்வு நின்றது.

இதற்குப் பிறகுதான் நூற்றுமுப்பதாம் சங்கீதம் என் கண்ணில் பட்டது. அதாவது, நூறு தடவை பாடியதை அன்றுதான் வாசித்தேன். "கர்த்தாவே, நீர் அக்கிரமங்களைக் கவனித்திருப்பீரானால், யார் நிலைநிற்பான், ஆண்டவரே. உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு."

நாமாக எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்போம்? மன்னிப்பு உண்டு, ஆகையால் பயப்பட வேண்டாம் என்றுதானே? சங்கீதக்காரன் தலைகீழாகச் சொல்கிறான். மன்னிப்பு இருக்கிறது, அதனால்தான் பயம் வருகிறது. ஆச்சி மணலில் நடந்துகொண்டே சொன்னதும் இதைத்தான். அவளுக்கே அது தெரியவில்லை.

நான் முப்பது வருஷம் கணக்கு எழுதியவள். எனக்குத் தெரிந்த ஒன்று உண்டு. இருப்பில் குறைவு வந்தால் அது தானாக மறையாது. யாராவது ஒருவர் அதைத் தாங்கித்தான் ஆக வேண்டும். ஆச்சியின் குறைவைச் சின்ன ஆச்சி தாங்கினாள். என்னுடைய 4,200 ரூபாயை, நான் நன்றாகத் தூங்கிய இரவுகளில் எல்லாம், வியாசர்பாடியில் ஒரு பெண் தாங்கிக்கொண்டிருந்தாள். கிருபை என்று நான் நினைத்தது, குறைவே இல்லை என்று பேரேட்டை மூடி வைப்பதை. சிலுவையில் நடந்தது அது அல்ல. அங்கே குறைவு முழுவதும் எண்ணிப் பார்க்கப்பட்டது. பிறகு அவர் அதைத் தாங்கினார். தாங்கியவர் யார் என்று பார்த்துவிட்ட பிறகு, கை நடுங்காமல் எப்படி நீட்ட முடியும்? அந்த நடுக்கத்தில் அடிவிழும் என்ற பயம் இல்லை. இவ்வளவு செலவழித்து என்னை மீட்டவரை நான் மறுபடியும் லேசாக எடுத்துக்கொண்டுவிடுவேனோ என்ற பயம் இருக்கிறது.

கொரிந்துச் சபைக்குப் பவுல் எழுதியதையும் அதற்குப் பிறகு முழுவதுமாக வாசித்தேன். அங்கே நடந்த தப்பு என்ன? வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்." இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்றுதான் பவுல் கேட்கிறார். அபாத்திரமாய் என்பது அந்த நடத்தையைக் குறித்த சொல். பாத்திரராய் இருப்பவர்கள் மட்டும் வரலாம் என்று அவர் சொல்லவில்லை. நம் ஆராதனை முறையிலேயே, பந்தியில் சேருவதற்கு முன், உமது மேஜையிலிருந்து விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் நாங்கள் பாத்திரரல்ல என்று சபையாக ஜெபிக்கிறோம். அதே மூச்சில், நீரோ எப்போதும் இரங்குகிறவர் என்றும் சொல்கிறோம். ஆச்சி இதை ஆயிரம் தடவை கேட்டிருப்பாள்.

என் மாமியார் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பம். 1706இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கிய ஊர். சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் விசுவாசத்தைக் கற்பிக்க எழுதிய சிறு ஞானோபதேசம் மாமியாருக்கு மனப்பாடம். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொல்வார்கள். பத்துக் கட்டளைகளில் ஒவ்வொன்றுக்கும் விளக்கம், நாம் தேவனுக்குப் பயந்து அன்புகூர வேண்டும் என்றுதான் தொடங்கும். முதல் கட்டளைக்கு மட்டும் நம்பிக்கையும் சேரும்: எல்லாவற்றுக்கும் மேலாகத் தேவனுக்குப் பயந்து, அன்புகூர்ந்து, அவரை நம்ப வேண்டும். நான் வியந்தது எழுதியவரைப் பற்றித்தான். 1507இல் எர்ஃபுர்ட் மடத்தில் முதல் திருப்பலி நிறைவேற்றியபோது பீடத்தைவிட்டு ஓடிவிடலாமா என்னும் அளவுக்கு நடுங்கிப்போன துறவி அவர். கிருபையினாலேயே என்று பிறகு ஐரோப்பாவுக்கே சொன்னவர். தன்னை அவ்வளவு வதைத்த சொல்லை, 1529இல் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் எழுதும்போது, அவர் அகற்றியிருக்கலாம். அகற்றவில்லை. அன்புக்கும் நம்பிக்கைக்கும் பக்கத்தில் உட்காரவைத்தார்.

பயமும் கிருபையும் தராசின் இரண்டு தட்டுகள், இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று சமன் செய்ய வேண்டும் என்று பிரசங்கங்களில் கேட்கிறேன். எனக்கு அது ஒத்துவரவில்லை. பாதிக் கிருபையை நம்பி யாரும் நிற்க முடியாது. ஆச்சியின் பதினொரு வருஷமும் எனது ஆறு வாரமும் எதிர்எதிரானவைபோலத் தெரிந்தாலும், இரண்டிலும் நாங்கள் அவர் அருகில் போகவே இல்லை. அவள் பயத்தைச் சொல்லித் தள்ளி உட்கார்ந்தாள். நான் கிருபையைச் சொல்லித் தள்ளி உட்கார்ந்தேன். இருவருக்கும் நடுக்கம் வந்தது கிட்டே போனபோதுதான்.

மகளிடம் இவ்வளவும் சொல்லவில்லை. பாம்படத்தையும் ரோஸ் சீட்டையும் சொன்னேன். ரோஸ் சீட்டை அவள் இதுவரை அறிந்ததில்லை. வெகு நேரம் பேசாமல் இருந்தாள். "சரி அம்மா, காலையில் பார்க்கிறேன்" என்று வைத்துவிட்டாள். அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

ஞாயிறு மதியம் அழைத்தாள். காலையில் எழுந்து பார்த்தபோது அந்தப் பெண் வெளியே போயிருந்தாளாம். போனையும் எடுக்கவில்லை. கோயில் வாசலில் நின்று, "உன் அப்பாவைப் பற்றி நான் சொன்னது தப்பு, சாயங்காலம் நேரில் வந்து சொல்கிறேன்" என்று செய்தி அனுப்பிவிட்டு உள்ளே போனாளாம்.

"எடுத்தேன், அம்மா" என்றாள். குரல் சரியாக வரவில்லை. பிறகு, சாயங்காலம் அந்தப் பெண்ணுக்குப் பிடித்த எதையாவது வாங்கிக்கொண்டு போகட்டுமா, அல்லது வெறுங்கையோடு போவதுதான் சரியா என்று கேட்டாள். வெறுங்கையோடு போ என்றேன்.